சிவப்புக் கொடியும் செவ்வாய் கிரகமும்

உங்க போன்ல டாஸ்க் ஆப் ஒண்ணாவது இருக்கும். யாராவது ஒரு சீனியர் "இதைப் போட்டுப் பாரு, லைஃபே மாறிடும்"னு சொல்லி ஏத்திவிட்டிருப்பாங்க. டுடூயிஸ்ட், டிக்டிக், மைக்ரோசாஃப்ட் டூ டூ, கூகுள் டாஸ்க்ஸ், ட்ரெல்லோ, இப்படி ஏதோ ஒண்ணு. நோஷன்ல அழகான டெம்ப்ளேட் தேடியே ஒரு சனி ஞாயிறைத் தொலைச்சவங்களும் நம்மில் உண்டு. இப்போ அந்த ஆப்பைத் திறந்து பாருங்க. எத்தனை வேலை சிவப்பா இருக்கு?

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். இந்த ஆப்கள் ஞாபகம் வெச்சுக்கறதுல கெட்டி. எதை முதல்ல செய்யணும்னு முடிவு பண்றதுல, நாம பயன்படுத்தற விதத்துல, சுத்த மோசம். நாம அதிகமா தொடுற வசதி அந்தக் கொடிதான், பிரயாரிட்டி ஃப்ளாக். இருக்கறதுலயே நமக்குக் குறைவா உதவுற வசதியும் அதுதான். உண்மையில உதவக்கூடியதை எல்லாம் நாம திறந்துகூடப் பார்க்கறதில்ல. இதுல வேடிக்கை என்னன்னா, இது ஏன் இப்படின்னு நமக்கு ஏற்கனவே பாடம் நடத்திட்டாங்க. ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ் பேப்பர்ல சி.பி.யு. ஸ்கெட்யூலிங்னு பதிமூணு மார்க் கேள்விக்குப் பக்கம் பக்கமா எழுதிட்டு, ஹாலை விட்டு வெளிய வந்ததும் மறந்துட்டோம். மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் கோச்சுக்க வேணாம். கணக்கு எதுவும் வராது.

முதல்ல கொடி. டுடூயிஸ்ட்ல பி1-லேர்ந்து பி4 வரைக்கும் நாலு நிலை. பி1 சிவப்பு, பி2 ஆரஞ்சு, பி3 நீலம், பி4-க்கு நிறமே கிடையாது. நீங்க திங்கட்கிழமை காலையில ஒரு வேலைக்கு பி1 கொடுக்கறீங்க. அது அந்த நிமிஷத்து உங்க மனநிலை, அவ்வளவுதான். கைடு அப்போதான் திட்டியிருப்பார். வியாழக்கிழமை நிலவரம் வேற, ஆனா கொடி அப்படியே நிக்கும். புதுசா வர்ற ஒவ்வொண்ணும் அதே பயத்தோட வர்றதால அதுக்கும் பி1. ரெக்கார்டு சப்மிஷன் பி1, மாடல் எக்ஸாம் பி1, ஆப்டிட்யூட் டெஸ்ட் பி1, ரெண்டாவது ரெவ்யூ பிபிடி பி1. ஒரு வாரத்துல உங்க லிஸ்ட் தேர்தல் நேரத்துத் தெரு மாதிரி ஆயிடும். எங்க திரும்பினாலும் கொடி.

சில்பர்ஷாட்ஸ் எழுதின அந்த டைனோசர் அட்டைப் புத்தகம் ஞாபகம் இருக்கா? அதுல ஒரு கதை வரும். 1973-ல எம்.ஐ.டி.யில ஐ.பி.எம். 7094 கம்ப்யூட்டரை நிறுத்தினப்போ, 1967-ல கொடுத்த ஒரு குறைந்த முன்னுரிமை வேலை அதுவரைக்கும் ஓடாமலே காத்துக்கிட்டு இருந்துச்சாம். வதந்தின்னு சொல்லித்தான் புத்தகமே அதைச் சொல்லுது. அதுக்குப் பேர் ஸ்டார்வேஷன், பட்டினி. தீர்வு ஏஜிங்: ஒரு வேலை எவ்வளவு நேரம் காத்திருக்கோ அவ்வளவுக்கு அதோட முன்னுரிமையைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். ரொம்பச் சின்ன யோசனை. ஆனா நம்ம கையில இருக்கற ஆப்ல வேலைக்கு வயசு ஏறாது. மூணு மாசமா கிடக்கிற வேலையும் இன்னிக்குக் காலையில போட்ட வேலையும் அங்க ஒரே மாதிரிதான் தெரியும்.

என் ரூம்மேட் கதையை அவன் சம்மதத்தோட சொல்றேன். பேர் வேணாம்னான். அவனுக்கு மூணாவது செமஸ்டர் கணக்கு அரியர் ஒண்ணு பாக்கி. கேம்பஸ்ல நல்ல கம்பெனியில வேலை கிடைச்சிடுச்சு. ஆஃபர் லெட்டர்ல ஒரு வரி: சேரும்போது அரியர் எதுவும் இருக்கக் கூடாது. அவன் சோம்பேறி இல்ல. தினமும் எட்டு, பத்து வேலைக்கு டிக் போடறவன். ஆப் கர்மா பாயின்ட்னு ஒண்ணு கொடுக்கும், அது அவனுக்கு எங்க ஃப்ளோர்லயே அதிகம். "கணக்கு அரியர் படிக்கணும்" அப்படிங்கறதும் அவன் லிஸ்ட்ல பி1-ஆ, சிவப்பா, மாசக்கணக்கா இருந்துச்சு. ராத்திரி பதினொண்ணரைக்கு லிஸ்ட்டைத் திறப்பான். மேல "கெடு தாண்டியவை"ன்னு நாலஞ்சு வேலை நிக்கும். பக்கத்துலயே தேதி மாத்தற பட்டன். ஒரே தட்டு, எல்லாம் நாளைக்குப் போயிடும். சிவப்பு மறையும், அரியர் மறையாது.

இதுல அவன் மேல எனக்குக் கோபமே வரல. அந்தப் பாயின்ட் முறை மேலதான் சந்தேகம். எத்தனை வேலை முடிச்சீங்கன்னு எண்ணி மார்க் போட்டா, மனுஷன் சின்ன வேலையாத்தான் தேடுவான். ஓ.டி. ஃபார்ம்ல கையெழுத்து வாங்கறது ஒரு டிக். ஃபூரியர் சீரிஸ் முழுசா முடிக்கறதும் ஒரு டிக். ஸ்கெட்யூலிங் பாடத்துல இதுவும் இருக்கு, ஷார்ட்டஸ்ட் ஜாப் ஃபர்ஸ்ட். சின்னதை முதல்ல முடிச்சா சராசரிக் காத்திருப்பு நேரம் குறையும், அதை நிரூபிச்சே காட்டலாம். ஆனா சின்ன வேலைகள் வந்துக்கிட்டே இருந்தா பெரிய வேலைக்கு முறையே வராது. காலேஜ்ல சின்ன வேலைக்கு என்ன பஞ்சம்?

அவன் என்ன மாத்தினான்னு கேட்டீங்கன்னா, ஆப்பை மாத்தல. அந்த ஒரு வரியை அழிச்சான். "கணக்கு அரியர் படிக்கணும்" என்பது வேலையே இல்ல, அது ஒரு கவலை. அதுக்கு ஆரம்பமும் இல்ல, முடிவும் இல்ல. அதை எடுத்துட்டு சப்டாஸ்க்கா உடைச்சான்: "2022 நவம்பர் கேள்வித்தாள், பதினொண்ணு ஏ", "இசட் டிரான்ஸ்ஃபார்ம், மூணு கணக்கு". அப்புறம் கூகுள் காலண்டர்ல சாயங்காலம் ஆறரைலேர்ந்து ஏழரை வரைக்கும், மெஸ் திறக்கறதுக்கு முன்னாடி, ஒரு கட்டம் போட்டான். அந்த நேரத்துல போன் என் மேஜைல இருக்கும். ரிசல்ட் வரும்போதுதான் மீதிக் கதை தெரியும். ஆனா அஞ்சு யூனிட்ல மூணு முடிஞ்சிருக்கு.

காலண்டர்னு சொன்னேன் இல்ல, அங்கதான் இந்த டாஸ்க் லிஸ்ட்களோட பெரிய ஓட்டை இருக்கு. லிஸ்ட்ல ஒரு வேலைக்கு நீளம் கிடையாது. "பிரிண்ட் எடுக்கணும்" ஒரு வரி, "லிட்டரேச்சர் சர்வே எழுதணும்" அதுவும் ஒரு வரி. பதினாலு வரி போட்டாலும் ஆப் ஒண்ணும் சொல்லாது. 1973-ல லியு, லேலண்ட்னு ரெண்டு பேர் எழுதின பிரபலமான ஆய்வுக்கட்டுரை ஒண்ணு உண்டு. கெடு எதுக்கு முதல்ல வருதோ அதையே முதல்ல செய் என்கிற முறை, ஒரே பிராசசர்ல, மொத்த வேலையும் அதோட கொள்ளளவுக்குள்ள இருக்கற வரைக்கும், எல்லாத்தையும் நேரத்துல முடிச்சுடும்னு அதுல காட்டினாங்க. கொள்ளளவுக்குள்ள இருக்கற வரைக்கும். அதைத் தாண்டிட்டா இதே முறை ஒண்ணு தவறி, அது அடுத்ததையும் தள்ளி, சீட்டுக்கட்டு வரிசை மாதிரி சரியும்.

நம்ம கொள்ளளவு எவ்வளவு? ஹாஸ்டல்காரங்க நாலரைக்கு கிளாஸ் விட்டு வந்து, குளிச்சு, டீ குடிச்சு, மெஸ்ல வரிசையில நின்னது போக ராத்திரி பன்னெண்டு வரைக்கும் கணக்குப் போடுங்க. அஞ்சு மணி நேரம் கையில வந்தா பெரிய விஷயம். டே ஸ்காலரா இருந்து ஒண்ணரை மணி நேரம் காலேஜ் பஸ்ல வர்றவங்களுக்கு அதுவும் கிடையாது. அஞ்சு மணி நேரத்துக்குள்ள ஒன்பது மணி நேர வேலையை எந்த நிறக் கொடியாலயும் நுழைக்க முடியாது. வேலையைத் தூக்கி காலண்டர் கட்டத்துல வெச்சாத்தான் இது கண்ணுக்குத் தெரியும். கட்டம் தீர்ந்ததும் மிச்ச வேலை வெளிய நிக்கும். அப்போ எதை விடறதுன்னு கேட்டாகணும். அந்தக் கேள்வியைத் தள்ளிப்போடத்தான் நாம லிஸ்ட்டை நீட்டிக்கிட்டே போறோம்னு எனக்கு ஒரு எண்ணம்.

ஐசனோவர் கட்டம் பத்தி ரெண்டு வார்த்தை. முக்கியம், அவசரம்னு நாலு கட்டம் போடற அந்தப் படம். ஐசனோவர் 1954-ல அமெரிக்காவின் இவான்ஸ்டன்ல பேசினப்போ அவசரமானதும் முக்கியமானதும் வேற வேறன்னு சொன்னார். அதையும் வேற ஒரு கல்லூரித் தலைவர் சொன்னதாத்தான் சொன்னார். பின்னாடி ஸ்டீபன் கவி 1989 புத்தகத்துல அதைக் கட்டமா பரப்பினார். டிக்டிக் ஆப்ல அந்தப் பார்வை தயாராவே இருக்கு. நல்ல யோசனைதான். ஆனா அதுல மூணாவது கட்டம், அவசரம் ஆனா முக்கியமில்லாதது, அடுத்தவங்க கிட்ட கொடுத்துடுங்கன்னு சொல்வாங்க. யார்கிட்ட கொடுக்கறது? அவருக்குக் கீழ ஒரு அரசாங்கமே இருந்துச்சு. நமக்குக் கீழ ரெண்டாம் வருஷப் பசங்க, அவங்களும் இப்போ விவரமாயிட்டாங்க.

சரி, செவ்வாய்க்கு வருவோம். 1997 ஜூலை 4 அன்னிக்கு நாசாவோட மார்ஸ் பாத்ஃபைண்டர் செவ்வாய்ல இறங்கிச்சு. படங்கள் வந்துச்சு, உலகமே பார்த்துச்சு. சில நாள்ல கப்பலோட கம்ப்யூட்டர் தானாவே ரீசெட் ஆக ஆரம்பிச்சுது. ஒவ்வொரு தடவையும் அன்னிக்கு மிச்சம் இருந்த வேலை மறுநாளைக்குத் தள்ளிப் போச்சு. உள்ளே ஓடினது விஎக்ஸ்வொர்க்ஸ் என்கிற இயங்குதளம். எல்லா வேலைக்கும் முறையா முன்னுரிமை கொடுத்துத்தான் வெச்சிருந்தாங்க. தகவல் பஸ்ஸை நிர்வாகம் பண்ற வேலைக்கு உயர்ந்த இடம். வானிலைத் தகவல் சேகரிக்கிற வேலைக்குத் தாழ்ந்த இடம். நடுவுல தகவல் தொடர்பு வேலை.

நடந்தது இதுதான். வானிலை வேலை, பஸ்ஸைத் தொட ஒரு பூட்டை எடுத்துக்கும், மியூடெக்ஸ்னு படிச்சோமே அது. அது பூட்டைக் கையில வெச்சிருக்கும்போது நடுத்தர வேலை குறுக்க வந்து ஓட ஆரம்பிச்சுடும். தாழ்ந்த வேலையால ஓட முடியாது, அதனால பூட்டை விட முடியாது. பூட்டுக்காக உயர்ந்த வேலை காத்துக்கிட்டே இருக்கும். அது குறிச்ச நேரத்துல முடியலைன்னு தெரிஞ்சதும் மொத்தத்தையும் ரீசெட் பண்ணிடும். எல்லா எண்ணும் சரி, ஆனா உயர்ந்தது தாழ்ந்ததுக்குக் கீழ மாட்டிக்கிச்சு. இதுக்குப் பேர் பிரயாரிட்டி இன்வெர்ஷன், முன்னுரிமை தலைகீழாவது. ஜே.பி.எல். பொறியாளர்கள் பூமியில இருந்த நகல்ல அதே சிக்கலை வரவைச்சுக் கண்டுபிடிச்சாங்க. விஎக்ஸ்வொர்க்ஸ்லயே இதுக்கு ஒரு வசதி இருந்துச்சு, அந்தப் பூட்டுக்கு மட்டும் அது அணைச்சு வெச்சிருந்துச்சு. பூமியிலேர்ந்தே அதைத் திருத்தி அனுப்பினாங்க. அந்த வசதிக்குப் பேர் பிரயாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ். பூட்டை வெச்சிருக்கிற சின்ன வேலை, அதுக்காகக் காத்திருக்கிற பெரிய வேலையோட முன்னுரிமையை அந்த நேரத்துக்கு மட்டும் வாங்கிக்கும். வேலை முடிஞ்சதும் பழைய இடத்துக்குப் போயிடும். இந்த முறையை 1990-ல கட்டுரையா எழுதின மூணு பேர்ல ஒருத்தர் ரகுநாதன் ராஜ்குமார், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.இ. படிச்சவர். (இதை வைவால சொன்னா எக்ஸ்டர்னல் முகம் மலருதான்னு பார்க்கணும்.)

இதுக்கும் நம்ம டாஸ்க் ஆப்புக்கும் என்ன சம்பந்தம்? எங்க ஃபைனல் இயர் பிராஜெக்ட்டையே எடுத்துக்கறேன். நாலு பேர் டீம். மாடலை டிரெய்ன் பண்ண ஜி.பி.யு. இருக்கற லேப் மெஷின் வேணும். லேப்ல லாகின் வேணும்னா டிபார்ட்மென்ட் லெட்டர் வேணும். லெட்டர் வாங்கற பொறுப்பு எங்கள்ல ஒருத்தருக்கு. அவங்க லிஸ்ட்ல அது பி4. லெட்டர்தானே, அரைப் பக்கம், பத்து நிமிஷ வேலை. அதுக்கு மேல மாக் இன்டர்வியூ, சிம்போசியம் போஸ்டர், அசைன்மென்ட், எல்லாம் பி2. அவங்க லிஸ்ட்டை அவங்க சரியான வரிசையிலதான் செஞ்சாங்க. இங்க என் லிஸ்ட்ல டிரெய்னிங் பி1-ஆ சிவப்பா ஒன்பது நாள் சும்மா நின்னுச்சு. பாத்ஃபைண்டர் கதை அப்படியே. அந்த அரைப் பக்க லெட்டர்தான் பூட்டு.

குழுவா செய்யற எந்த வேலையிலயும் கொடியைவிட முக்கியமான கேள்வி, இதுக்காக யார் காத்திருக்காங்க என்பதுதான். ஜிராவுல ஒரு வேலையை இன்னொண்ணு தடுக்குதுன்னு இணைக்கிற வசதி உண்டு. ஆசனாலயும் உண்டு. நம்மில் பாதிப் பேர் இன்டர்ன்ஷிப்ல ஜிராவைப் பார்த்திருப்போம், டிக்கெட்டை இழுத்து "முடிஞ்சது" பக்கம் விடறதுக்கு மட்டும். அந்த இணைப்பைத் தொட்டவங்க கம்மி. இலவசமா வேணும்னா ட்ரெல்லோ போர்டு போதும். செய்யணும், செய்யறேன், முடிச்சாச்சு என்கிற மூணு லிஸ்ட்டுக்கு நடுவுல "காத்திருக்கு"ன்னு நாலாவதா ஒண்ணு. அதுல போடற கார்டுல எதுக்காக, யாருக்காகக் காத்திருக்குன்னு எழுதணும். எங்க டீம் இப்போ அப்படித்தான். ஒருத்தர் பேர் அதுல வந்துட்டா, அவங்க கையில இருக்கற அந்தச் சின்ன வேலை மத்ததை எல்லாம் தாண்டி மேல ஏறிடும். சண்டை போட வேண்டியதே இல்லாம போச்சு. சரி, கொஞ்சம் குறைஞ்சுது.

ட்ரெல்லோவோட அந்த கார்டு யோசனை கான்பன்லேர்ந்து வந்தது. டொயோட்டா தொழிற்சாலையில டைச்சி ஓனோ கொண்டுவந்த முறை, இதை மெக்கானிக்கல் பசங்க நம்மைவிட நல்லா சொல்வாங்க. அதோட உயிர் கார்டுல இல்ல, எண்ணிக்கையில. அளவுக்கு மேல வேலையை ஒரே நேரத்துல உள்ள விடக்கூடாது. "செய்யறேன்" லிஸ்ட்ல ரெண்டு கார்டு இருந்தா மூணாவதுக்கு இடமில்லைன்னு நீங்களே ஒரு எல்லை வெச்சுக்கணும். நாம போர்டை எடுத்துக்கிட்டு எல்லையை விட்டுட்டோம்.

தனியா வேலை செய்யறவங்களுக்கு எனக்குப் பிடிச்ச ஒரே வசதி மைக்ரோசாஃப்ட் டூ டூ-வுல இருக்கற "மை டே". தினமும் ராத்திரி அது காலியாயிடும். முடிக்காத வேலை எங்கயும் போகாது, அததோட லிஸ்ட்ல பத்திரமா இருக்கும், மறுநாள் பரிந்துரையாவும் வரும். ஆனா இன்னிக்கு என்ன என்பதை காலையில நீங்க மறுபடி கையால எடுத்து வெக்கணும். நேத்து விட்டதை இன்னிக்கும் தானா உங்க தலைல கட்டாது. ஒவ்வொரு நாளும் தேர்ந்தெடுக்க வைக்குது. கூடவே ஞாயித்துக்கிழமை கால் மணி நேரம் ஒதுக்கி, மூணு தடவைக்கு மேல தேதி மாத்தின வேலைகளை மட்டும் பாருங்க. ஆப் செய்யாத ஏஜிங்கை நாமதான் செய்யணும். ஒண்ணு உடைங்க, இல்ல காலண்டர்ல வைங்க, இல்ல அழிச்சுடுங்க. நாலாவது தடவை தேதி மாத்தறதுக்கு மட்டும் அனுமதி இல்ல.

தேதின்னா இன்னொண்ணு. செய்யப்போற நாளும் கெடு நாளும் வேற வேற. கேட்டில் சேர கடைசித் தேதி, எக்ஸாம் ஃபீஸ் கட்ட கடைசித் தேதி, இதெல்லாம் நிஜக் கெடு, தவறினா போச்சு. "புதன்கிழமை ரெஸ்யூமே திருத்தணும்" என்பது நாமளே சொல்லிக்கிட்டது. ரெண்டையும் ஒரே தேதிப் பெட்டியில போட்டா, பொய்த் தேதி தாண்டித் தாண்டிப் பழகி, நிஜத் தேதி வரும்போதும் கண்ணு தாண்டிடும். டுடூயிஸ்ட்ல இப்போ ரெண்டுக்கும் தனித்தனி இடம் உண்டு. உங்க ஆப்ல இல்லைன்னா நிஜக் கெடுவை காலண்டர்லயும் மிச்சத்தை லிஸ்ட்லயும் வைங்க.

"இதுக்கெல்லாம் ஒரு துண்டுப் பேப்பர் போதாதா?"ன்னு கேட்கறவங்க இருக்காங்க. தனியாளுக்குப் பல நாள் போதும். எங்க பக்கத்து ரூம்காரன் பழைய ஹால் டிக்கெட் பின்னாடி எழுதியே எட்டு சி.ஜி.பி.ஏ. வெச்சிருக்கான். ஆனா நாலு பேர் ஒருத்தருக்காக ஒருத்தர் காத்திருக்கிற வேலைக்குப் பேப்பர் பத்தாது. அவன் பாக்கெட்ல இருக்கறது எனக்குத் தெரியாதே.

இன்னும் ஒண்ணு, இது ஆப் பத்தினது இல்ல. நம்ம வேலைகள்ல பாதி ராத்திரி ஒன்பதரைக்கு வாட்ஸ்அப் குரூப்ல வர்ற சர்க்குலர்ல பிறக்குது. எது சத்தமா வருதோ அதுதான் அன்னிக்கு பி1. கிளாஸ் ரெப்கள் இதைப் படிச்சா ஒரு வேண்டுகோள். பி.டி.எஃப்.-ஐ ஃபார்வர்ட் பண்ணும்போது கெடு தேதியையும், தோராயமா எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும், யார் கையெழுத்து வேணும் என்பதையும் மேல ஒரு வரியில டைப் பண்ணிப் போடுங்க. அறுபது பேர் மூணாம் பக்கத்துல தேதியைத் தேடறது மிச்சமாகும்.